பிறைக்குப் பின் ஒரு வரி

மருதமுனை
22.08.1996

என் அன்புத் தம்பி அபுல் ஹஸனுக்கு ராத்தா ஸைனம்பு ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் மச்சான் ஷரிபுதீனும் மகள் ஆகிலாவும் ரப்புடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் நெஞ்சுச் சளி இப்போது எப்படி? கொழும்பு மழையில் நனைந்து திரியாதே.

நேற்றும் பக்கத்து வீட்டு உம்முவின் டீவியில் ஆறரைச் செய்தி பார்த்தோம். செய்தி யாருக்கு வேண்டும்? முடிந்த பிறகு ஓடுகிற பெயர்களுக்காகத்தான் எங்கள் தெருவே அங்கு உட்கார்ந்திருக்கிறது. தமிழாக்கம் என்று போட்டு உன் பெயர் வந்ததும் ஆகிலா எழும்பி நின்று, "என்ட மாமா" என்றாள். உன் மச்சான் விடுவாரா? "பேர் ஓடுற ஓட்டத்தப் பார்த்தா உன்ட தம்பிய நாய் துரத்துது போல" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

உம்முவுக்கு ஒரு சந்தேகம். "வாசிக்கிற பொம்புளைக்கு மேசைக்குக் கீழ இருந்து சொல்லிக் குடுக்கிறதா ஹஸன்ட வேல?" என்று கேட்கிறாள். எனக்கும் சரியாகத் தெரியாது. அங்கு யார் யார் என்ன செய்கிறார்கள், நீ எந்த இடத்தில் இருக்கிறாய் என்று விளக்கமாக எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

போன கிழமை அவளோடு கதைத்துக்கொண்டே தறிக்கு நூல் கட்டினதில், நீலக் கட்டச் சாரனின் கரையில் ஒரு சிவப்பு நூல் போய்விட்டது. முதலாளி பார்த்ததும் திருப்பித் தந்துவிட்டார். உன் மச்சான், "எனக்கெண்டே பிழ விட்டிரிக்கா" என்று அதைத்தான் உடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறார். கழற்றித் தந்தால்தானே தோய்க்கலாம்.

நோன்புக்காவது வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா

*

கொழும்பு
01.09.1996

அன்பின் ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். சளி போய்விட்டது. உங்கள் மூவரின் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

உம்மு ராத்தாவுக்குச் சொல்லுங்கள், நான் மேசைக்கு மேலேதான் இருக்கிறேன். செய்திப் பிரிவு என்பது ஒரு நீட்டு மண்டபம். வாசலருகே மாகாணச் செய்தி மேசை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நிருபர் இருப்பார். அவர் தொலைபேசியில் சொல்வதை அங்கு எழுதி எடுப்பார்கள். நம்முடைய மாவட்ட நிருபர் அம்பாறை நகரத்தில் இருக்கிறார், கரைப் பக்கம் வருவது குறைவு. அடுத்தது பாதுகாப்புச் செய்தி. அது தொலைநகலில் வரும். வந்தபடியே போகவேண்டும், ஒரு சொல்லும் மாற்ற ஏலாது. நடுவில் பிரதம ஆசிரியரின் மேசை. காலைக் கூட்டத்தில் எது செய்தி, எது இல்லை என்று அவர்தான் தீர்மானிப்பார். எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதி அவர் கையெழுத்து வைத்த பிறகு, பின்னேரம் எங்களிடம் வரும்.

நாங்கள் தமிழ்ப் பகுதி, மூன்று பேர். மண்டபத்தின் கடைசியில், சுற்றாத காற்றாடிக்குக் கீழே இருக்கிறோம். வருவதைத் தமிழில் ஆக்குவதுதான் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்களுக்கென்று சொந்தச் செய்தி கிடையாது.

ஒன்றே ஒன்றைத் தவிர. பிறை. நோன்புக்கும் பெருநாளுக்கும் பெரிய பள்ளிவாசலில் இருந்து எங்கள் மேசைக்கே நேரே தகவல் சொல்வார்கள். அதை நாங்களே எழுதி, நாங்களே வாசிக்கக் கொடுப்போம். யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. போன பெருநாள் பிறையை எழுதியது நான்தான். நாடு முழுக்க முஸ்லிம்கள் அந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைக்க எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

மச்சானுக்குச் சொல்லுங்கள், நாய் இன்னும் துரத்துகிறது.

இப்படிக்கு உங்கள் தம்பி,
அபுல் ஹஸன்

*

மருதமுனை
20.09.1996

தம்பி, ஸலாம். ஆகிலாவும் நானும் உடம்புக்குச் சுகம்.

போன சனிக்கிழமை பின்னேரம் தோணியில் போன உன் மச்சான் இன்னும் வரவில்லை. கூடப் போனது பாண்டிருப்புச் சின்னப்போடி, அவரும் வரவில்லை. கடல் குளம் போலக் கிடந்தது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. மற்றத் தோணிகள் எல்லாம் விடிய வந்துவிட்டன.

மஜீட் காக்கா தன் தம்பியைத் தேடி ஒலுவில் வரைக்கும், தம்பிலுவில் வரைக்கும் கரையோடு போய்ப் பார்த்தார். படை முகாமிலும் கேட்டார். அப்படி ஒரு தோணி தங்களுக்குத் தெரியாது என்றார்களாம்.

நீ எழுதினாயே, நிருபர் சொன்னால் செய்தி என்று. நான் சொல்கிறேன், எழுதிக்கொள். இரண்டு பேர், ஒரு பச்சைத் தோணி. டீவியில் சொன்னால் எங்காவது கரையில் ஒதுங்கியிருந்தாலும், யாராவது பிடித்து வைத்திருந்தாலும் தெரியவரும். சின்னப்போடியின் பெண்சாதி செல்லத்தங்கம் பக்கத்தில்தான் இருக்கிறாள். "உங்கட தம்பி டீவியில இரிக்கார்தானே கா" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

இன்னொன்று. அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமைச் செய்தியில், கிழக்குக் கடலில் சந்தேகத்துக்குரிய படகொன்று விடியற்காலையில் அழிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். கடைசியில் உன் பெயர்தான் ஓடியது. அது எந்தப் பக்கத்துக் கடல் தம்பி?

உடனே எழுது.
ராத்தா

*

கொழும்பு
29.09.1996

அன்பின் ராத்தாவுக்கு, ஸலாம். உங்கள் கடிதம் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அல்லாஹ் மச்சானைப் பத்திரமாக வைத்திருப்பான்.

நான் அன்றைக்கே மாகாண மேசைக்குப் போனேன். "நிருபர் அனுப்பினாரா?" என்று கேட்டார்கள். அம்பாறை நிருபருடன் கதைத்தேன். நல்ல மனிதர். "கடல் விசயம் எண்டா படை முகாம்காரங்க உறுதிப்படுத்தினாத்தான் நான் அனுப்பலாம்" என்றார். அவர்கள் அப்படி ஒரு தோணி இல்லை என்கிறார்கள். ஆகவே நிருபர் அனுப்பவில்லை. நிருபர் அனுப்பாததால் மாகாண மேசையில் இல்லை. மேசையில் இல்லாததால் காலைக் கூட்டத்துக்கு வரவில்லை. பிரதம ஆசிரியரிடம் நேரே போய் நின்றேன். "உன் சொந்தக்காரர் என்பதற்காக அது செய்தி ஆகுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

இன்னும் முயற்சி செய்கிறேன். ஆகிலாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி,
அபுல் ஹஸன்

*

மருதமுனை
30.10.1996

தம்பிக்கு, ஸலாம். நான் சுகம். ஆகிலாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்து மாறிவிட்டது.

ஒவ்வொரு நாளும் உம்மு வீட்டில் உன் செய்தியைப் பார்க்கிறேன். மரம் நடுகிறார்கள். நாடா வெட்டுகிறார்கள். எங்கோ ஒரு பசு இரட்டைக் கன்று போட்டதைக்கூடச் சொன்னார்கள். அந்தப் பசுவுக்கு எந்த நிருபர் தம்பி?

மஜீட் காக்கா என்னை, புருசன் இறந்தவள் போல நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கச் சொல்கிறார். "ஊர் கதைக்கும் புள்ள. வெள்ளச் சேல உடுத்து அறைக்குள்ள இரி" என்கிறார். மையத்து வரவில்லை, கண்டவர் இல்லை, உயிரோடு இருக்கிற மனுசனுக்கு நான் ஏன் இத்தா இருக்கவேண்டும்? மௌலவியும் என் பக்கம்தான். நிச்சயமாகத் தெரியாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். செல்லத்தங்கமும் பொட்டை அழிக்கவில்லை. பின்னேரங்களில் இரண்டு பேரும் கரைக்குப் போய் நின்றுவிட்டு வருகிறோம். தறியை நிறுத்தவில்லை. அவருக்குப் பிடித்த பச்சைச் சேலையைத்தான் வீட்டில் உடுக்கிறேன், வந்தால் கண்ணில் படட்டும் என்று.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் செய்தி.

ராத்தா

*

கொழும்பு
24.11.1996

அன்பின் ராத்தாவுக்கு, ஸலாம். நலம், நலமறிய ஆவல். இங்கு ஓயாத மழை. ஆகிலாவுக்கு ஒரு புத்தகப் பையும் காய்ச்சல் மருந்தும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன், கல்முனை பஸ் நிலையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். இனி ஆறரைச் செய்திக்கு நான்தான் பொறுப்பு. மேசை அதேதான். காற்றாடியைத் திருத்தித் தந்தார்கள்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

தம்பி

*

மருதமுனை
27.12.1996

தம்பிக்கு, ஸலாம். பை கிடைத்தது. ஆகிலா இரவிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கிறாள்.

நீ பதில் எழுதாததே எனக்குப் பதிலாகப் போய்விட்டது. இனி நான் அதைக் கேட்கமாட்டேன். உன்னைக் குறை சொல்லவும் இல்லை. வந்தபடியே போகவேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஆனால் அது வேறு தோணியாகவும் இருக்கலாம்தானே. கடலில் ஒரு தோணியா போகிறது? அதனால் ஒன்று கேட்கிறேன். நோன்பு வருகிறது. பிறை மட்டும் உங்களுடையது, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை என்று எழுதினாய். பிறையைச் சொல்லி முடித்ததும் ஒரேயொரு வரி சொல்ல ஏலாதா? அன்றைக்கு டீவிக்கு முன்னால் இல்லாத முஸ்லிம் யார்? உயிரோடு வைத்திருந்தாலும் ஒருத்தன் காதில் விழும். இல்லையென்றாலும் விழும். எதுவானாலும் எனக்குத் தெரியவேண்டும். நான் பெண்சாதியா, கைம்பெண்ணா என்று தெரியாமல் எத்தனை நாளைக்குத் தம்பி தலை வாருவது?

ராத்தா

*

கொழும்பு
18.01.1997

அன்பின் ராத்தாவுக்கு, ஸலாம். நோன்பு உங்களுக்கு லேசாக இருக்கட்டும். எனக்குச் சுகம்தான்.

நோன்புப் பிறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றும் சேர்க்கவில்லை. கோபிக்காதீர்கள். அது மார்க்க விசயம். ஒரு சொல் கூடினாலும் நாளைக்குப் பிறை அறிவிப்பையே எங்களிடமிருந்து எடுத்து நடு மேசைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். என்னோடு இன்னும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், இருவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். செய்ய முடியாத வேலை இது ராத்தா.

மச்சானின் சாரனில் அந்தச் சிவப்பு நூல் எந்தப் பக்கத்துக் கரையில் ஓடுகிறது என்று எழுதுங்கள்.

தம்பி

*

மருதமுனை
26.01.1997

தம்பிக்கு, ஸலாம். எல்லோரும் சுகம்.

உடுத்தி நின்றால் கீழ்க்கரை. விரித்து வைத்தால் இடது பக்கம். நீலத்துக்கு நடுவில் ஒற்றை நூல்.

ராத்தா

*

மருதமுனை
14.02.1997

என் தம்பிக்கு, ராத்தாவின் ஸலாமும் பெருநாள் துஆவும். உனக்குச் சுகம்தானா?

பெருநாள் பிறைக்காக உம்மு வீட்டு முற்றம் முழுக்கச் சனம். நாளை பெருநாள் என்று அந்தப் பெண் வாசித்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு எழும்பினார்கள். அவள் தாளை வைக்கவில்லை. மருதமுனையிலிருந்து கடலுக்குச் சென்ற ஷரிபுதீன் என்பவரும் உடன் சென்ற ஒருவரும் செப்டெம்பர் மாதம் முதல் வீடு திரும்பவில்லை, அவர் இடது கரையில் ஒற்றைச் சிவப்பு நூல் ஓடும் நீலக் கட்டச் சாரன் உடுத்தியிருந்தார், அறிந்தவர்கள் பக்கத்துப் பள்ளிவாசலில் சொல்லவும் என்று வாசித்தாள். எழும்பிய பிள்ளைகள் திரும்ப உட்கார்ந்தார்கள். உம்மு என் கையைப் பிடித்தாள். என் பிழையை நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

செல்லத்தங்கம் விடிய வந்து, "எங்கட இவர்ட பேரையும் சொன்னாங்களா கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். உடன் சென்ற ஒருவர் என்று ஏன் எழுதினாய் தம்பி? அவருக்கும் பெயர் இருந்ததே. உங்கள் மண்டபத்தில் இருந்து இருந்து உனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டதா? பெருநாளும் அதுவுமாக உன்னிடம் இதைக் கேட்கக் கூடாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தது நான்தான்.

அன்று இரவு கடைசியில் உன் பெயர் ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. இன்றைக்கும் வேறு பெயர். ஆகிலா, "மாமாக்குச் சுகமில்லையா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

ராத்தா

*

கொழும்பு
02.03.1997

அன்பின் ராத்தாவுக்கு, உங்கள் தம்பி ஸலாம் சொல்லி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது வேலை லேசு. பழைய ஒளிநாடாக்களை அடுக்கி வைக்கும் அறையில் இருக்கிறேன். குளிரூட்டி இருக்கிறது. நெஞ்சுக்கு மட்டும் கொஞ்சம் ஆகவில்லை. பிறை அறிவிப்பை நடு மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

இதை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள் ராத்தா. மஜீட் காக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே, யால காட்டுக்கு அந்தப் பக்கம், கிரிந்தைக் கரையில் மலாய் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். தமிழ் அரைகுறையாகத்தான் விளங்கும். பிறைக்காகத்தான் டீவி போட்டிருக்கிறார்கள். சிவப்பு நூல் என்றதும் ஒரு கிழவர் எழும்பி நின்றாராம். பள்ளிவாசலில் இருந்து நிலையத்துக்குத் தொலைபேசியில் கதைத்தார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு மையத்து அங்கே கரை ஒதுங்கியிருக்கிறது. சுன்னத்துச் செய்த ஆள் என்று கண்டு, குளிப்பாட்டி, தொழுது, அடக்கியிருக்கிறார்கள். நல்ல இடம் ராத்தா. தாழை மரத்து நிழல். தலைமாட்டில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். யாராவது தேடி வருவார்கள் என்று சாரனைத் தோய்த்து, மடித்து, பள்ளிவாசல் அலுமாரியில் வைத்திருந்தார்கள். அதைத்தான் இந்தப் பொதியில் அனுப்புகிறேன். சின்னப்போடியைப் பற்றி அங்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

இன்னொன்றும் எழுதவேண்டும். அந்த மையத்து ஒதுங்கிய செய்தியை அந்தப் பகுதி நிருபர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். சாரன் நிறம் வரைக்கும் சொன்னதாக மாகாண மேசையில் இருப்பவர் இப்போதுதான் என்னிடம் சொன்னார். பெயர் தெரியாத உடல் என்பதாலும், அன்றைக்கு ஒரு திறப்பு விழா நீண்டுவிட்டதாலும் காலைக் கூட்டத்தில் விட்டுவிட்டார்களாம். தமிழில் ஆக்க எங்களுக்கு வரவில்லை. நான் உங்களுக்குச் செப்டெம்பரில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது நாலு மேசை தள்ளிக் கிடந்திருக்கிறது.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

உங்கள் தம்பி

*

மருதமுனை
20.03.1997

என் தம்பிக்கு ராத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் நெஞ்சைப் பார்த்துக்கொள். அந்தக் குளிர் அறையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

சாரன் வந்தது. அவர்கள் நல்ல சவர்க்காரம் போட்டுத் தோய்த்திருக்கிறார்கள். மூன்று இடத்தில் கிழிசல். அது கல்லில் பட்டதா, வேறா என்று நான் பார்க்கவில்லை. குளிப்பாட்டியவர்களிடம் நீ கேட்டிருப்பாய். அதை எனக்கு எழுதாதே.

அவர் பேரில் கத்தம் ஓதினோம். மூன்றாம் நாள் வெள்ளைச் சேலை எடுத்து, அறையைக் கூட்டி, பாயை விரித்தேன். ஆகிலாவை உம்மு பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மஜீட் காக்கா பள்ளிக்குப் போய் மௌலவியிடம் விளக்கம் கேட்டுவிட்டு வந்து, கதவுக்கு வெளியே நின்று சொன்னார். "இத்தா மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு புள்ள, நமக்குத் தெரிஞ்ச நாளில இருந்து இல்ல. நாலு மாசமும் பத்து நாளும் தை மாசத்தோட முடிஞ்சிட்டு. இனி நீ இரிக்கத் தேவல்ல." எனக்கு நல்ல செய்தி சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

அந்த மாதங்களில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பச்சைச் சேலை உடுத்தேன். உம்முவின் மகளின் கலியாணத்துக்குப் போய் மருதாணி வைத்துக்கொண்டேன், கூட இருந்து சிரித்தும் இருக்கிறேன். பின்னேரங்களில் முகம் கழுவிப் பவுடர் பூசிக் கரைக்குப் போனேன். அந்த மனுசன் தாழை மரத்துக்குக் கீழே கிடந்தார். அதெல்லாம் என் இத்தாவாம். நாலு மேசைத் தூரத்தில் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் என் புருசனுக்காக ஒரு மூலையில் இருந்து நான் அழுதிருப்பேன். அந்தக் கடமையைக்கூட எனக்குத் தரவில்லை.

செல்லத்தங்கம் வந்தாள். சாரனைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கெண்டாலும் ஒரு இடம் தெரிஞ்சிட்டு கா" என்றாள். பொட்டோடு வந்தாள், பொட்டோடு போனாள். பேர் சொன்னதாக நான் சொன்ன பொய்யை இன்னும் திருத்தவில்லை. நீ வந்தால் அவள் வீட்டுக்கு என்னோடு வா.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை தம்பி. இருந்த வேலையையும் கொடுத்துத்தான் அந்த ஒரு வரியைச் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆகிலா இன்னும் ஆறரைக்கு உம்மு வீட்டுக்குப் போய்ப் பெயர்கள் ஓடி முடியும் வரைக்கும் நின்றுவிட்டு வருகிறாள். நான் போவதில்லை.

வெள்ளைச் சேலையை மடித்து வைத்துவிட்டேன். நேற்றுத் தறியில் இருந்தேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, ஸைனம்புவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். நான் இன்னும் தொடங்கவே இல்லை.

வஸ்ஸலாம்.
ஷரிபுதீனுடைய ஸைனம்பு